மேகமூட்டமான ஊரில் வீட்டுச் சோலார் பேனல்களைப் பரிசோதிப்பது: முழுமையான வழிகாட்டி

வருஷத்தில் பாதி நாள் வானம் மூடியே கிடக்கும் ஊரில் சோலார் பேனலுக்குக் கோளாறு வந்தால் அது லேசில் வெளியே தெரியாது. உற்பத்தி குறைந்தால் பழி மேகத்தின் மேல் போய்விடும். ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யாமல் நின்றிருக்கும், கூரை மேலிருக்கும் ஸ்விட்சுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். வீட்டில் இருப்பவர்களோ "இந்த மாசம் வெயிலே இல்லையே" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். யூனிட் குறைவது ஒரு பக்கம். ஈரம் புகுந்த டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) இணைப்பு தீப்பிடிக்கக்கூடும் என்பது அதைவிடப் பெரிய விஷயம். அதனால்தான் மிதமான, மேகம் சூழ்ந்த இடங்களில் பரிசோதனையை இன்னும் அக்கறையாகச் செய்ய வேண்டும் என்கிறேன்.

வெயிலே சரியாக வராத இடத்தில் எப்படி டெஸ்ட் செய்வது என்ற கேள்வி வரும். செய்யலாம். எதை மூடிய வானத்தில் பார்ப்பது, எதை ஈரத்தில் பார்ப்பது, எதற்கு மட்டும் வெயிலுக்காகக் காத்திருப்பது என்று பிரித்துக்கொண்டால் போதும். சில கோளாறுகள் மேகமூட்டத்தில்தான் நன்றாகப் பிடிபடும்.

முதலில் வெளிச்சத்தின் கணக்கு

பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள வாட் அளவு, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது, செல்லின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது எடுத்தது. வானம் முழுக்க மூடியிருந்தால் பெரும்பாலும் 100 முதல் 300 வாட்தான் விழும். ஆகவே 4 கிலோவாட் அமைப்பு அன்றைக்கு 600 வாட் கொடுத்தால் அது கோளாறு இல்லை.

வெளிச்சம் குறையும்போது மின்னோட்டம் அதே விகிதத்தில் குறையும். மின்னழுத்தம் அப்படிக் குறையாது. ஒளி ஐந்தில் ஒரு பங்காக விழுந்தால் ஆம்பியரும் ஐந்தில் ஒரு பங்காகும், ஆனால் வோல்ட் 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். இந்த வழிகாட்டியின் பாதி விஷயம் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் வருகிறது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மேகமாக இருக்கிறது, பேனலில் கரண்ட் இருக்காது என்று நினைத்துக் கைவைப்பவர்கள் உண்டு. பத்துப் பேனல் வரிசையாக இணைந்த ஒரு ஸ்ட்ரிங்கில் மழை மேகத்தின் கீழும் 350 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும். டிசியை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை நிறுத்தினாலும் பேனலிலிருந்து ஸ்விட்ச் வரையுள்ள ஒயரில் அது அப்படியே நிற்கும். மின்னோட்டம் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் டிசி தீப்பொறி தானாக அணையாது. கீழே சொல்லும் மின் அளவீடுகளைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

படி 1: ஏணியை எடுக்கும் முன் கணக்கைப் பாருங்கள்

போன வருஷம் இதே மாதம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு என்று மட்டும் ஒப்பிடாதீர்கள். மேகம் வருஷத்துக்கு வருஷம் மாறும். வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது, அதில் எவ்வளவை மின்சாரமாக மாற்றியது என்ற விகிதம்தான் உண்மையைச் சொல்லும்.

உங்கள் அமைப்பு 4 கிலோவாட். பேனல் சாய்ந்திருக்கும் தளத்தில் அந்த மாதம் சதுர மீட்டருக்கு 90 யூனிட் சூரிய ஆற்றல் விழுந்தது என்று வையுங்கள். லேபிள் அளவுப்படியே எல்லாம் நடந்தால் கிடைக்க வேண்டியது 4 x 90 = 360 யூனிட். மீட்டரில் 290 யூனிட் வந்திருந்தால் விகிதம் 80 சதவீதம், ஆரோக்கியமான அமைப்பு. 75 முதல் 85 வரை பொதுவாக நல்ல நிலை. 230 யூனிட்தான் வந்தது என்றால் 64 சதவீதம். மேகத்தின் மேல் பழி போட முடியாது, ஏனென்றால் மேகத்தின் கணக்கு 90-க்குள்ளேயே அடங்கிவிட்டது.

சூரிய ஆற்றல் அளவுக்கு ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் நடத்தும் பிவிஜிஐஎஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. கூரையின் சாய்வையும் திசையையும் கொடுத்தால் மாதவாரியாகக் கணக்கிட்டுத் தரும். அது பல வருஷச் சராசரி என்பதால் ஒரு தனி மாதத்தோடு ஒப்பிடாமல் ஆண்டு மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். குறிப்பிட்ட மாதத்தின் அளவு வேண்டுமானால் வானிலை நிலையத்தின் கதிர்வீச்சுத் தரவு உதவும்.

பேனல்கள் வருஷத்துக்குச் சுமார் அரை சதவீதம் திறன் இழப்பது இயல்பு. பத்து வருஷத்தில் 5 சதவீதம் குறைந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். ஒரே மாதத்தில் படியிறங்கிய மாதிரி 10 சதவீதம் விழுந்தால் ஏதோ ஒன்று நின்றுவிட்டது. இரண்டு மூன்று வருஷமாக மெதுவாகச் சரிந்துகொண்டே வந்தால் பாசி, நிழல், ஈரம் என்று தேட வேண்டும்.

படி 2: காகிதங்கள்

ஸ்ட்ரிங் வரைபடம், பேனல்களின் சீரியல் எண் பட்டியல், நிறுவிய அன்று எடுத்த டெஸ்ட் அளவுகள், பேனல், இன்வெர்ட்டர் இரண்டின் தகவல் தாள்கள், இன்வெர்ட்டர் ஆப்பின் பாஸ்வேர்ட். இவை கையில் இருந்தால் பரிசோதகரின் நேரம் பாதியாகும். வரைபடம் இல்லை என்றால் இந்தப் பரிசோதனையிலேயே ஒன்றை வரைந்து தரச் சொல்லுங்கள்.

படி 3: தரையிலிருந்து ஒரு பார்வை

இதை நீங்களே செய்யலாம். பைனாகுலர் அல்லது நன்றாக ஜூம் ஆகும் கேமரா போதும். பாசி பிடித்த ஈரக் கூரையில் ஏற வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம்.

மிதமான ஈரத் தட்பவெப்பத்தின் தனிப் பிரச்சினை பேனலின் கீழ் விளிம்பு. சாய்வு 10 முதல் 15 டிகிரிக்கு மேல் இருந்தால் மழையே பெரும்பாலும் கழுவிவிடும். ஆனாலும் கீழே சட்டகத்தின் விளிம்பில் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். அங்கே சேறு படியும், அதில் பாசி வரும், வெண்சாம்பல் நிற லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து படர்வது) கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும், ஆனால் சேதம் அகலத்தைப் பொறுத்ததில்லை.

ஒரு பேனலுக்குள் செல்கள் மூன்று குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பைபாஸ் டயோடு (அந்தக் குழு தடங்கினால் மின்னோட்டத்தை அதைச் சுற்றிக் கொண்டுபோகும் பாகம்) இருக்கும். குழுக்கள் பேனலின் நீள வாக்கில் ஓடும். பேனலை நெட்டுக்குத்தாகப் பொருத்தியிருந்தால் கீழ் வரிசைச் செல்கள் மூன்று குழுவிலும் இருக்கும், அதனால் ஒரு வரிசை மறைந்தால் பழைய வகை முழுச் செல் பேனல் மொத்தமாகவே படுத்துவிடும். படுக்கைவாட்டில் பொருத்தியிருந்தால் ஒரு குழுதான் போகும். செல்களைப் பாதியாக வெட்டிச் செய்த அரைச் செல் பேனல்களில் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனி என்பதால் நெட்டுக்குத்தாக இருந்தாலும் மேல் பாதி தப்பிக்கும். உங்கள் பேனல் எந்த வகை, எப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால் அந்தப் பாசி எவ்வளவு அவசரம் என்று தெரியும்.

துடைக்கும்போது வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். லைக்கனைக் கொஞ்ச நேரம் நனையவிட்டுத் தேய்க்கலாம். கத்தியால் சுரண்டினால் கண்ணாடியின் மேற்பூச்சு போகும். பிரஷர் வாஷர் அடித்தால் ஓர ரப்பர் சீலுக்குள் தண்ணீர் ஏறும். மருந்து அடிப்பதாக இருந்தால் பேனல் தயாரிப்பாளர் அனுமதித்ததை மட்டும்.

கீழிருந்தே பார்க்கக்கூடிய மற்றவை: உடைந்த கண்ணாடி, கூரை மேல் தொங்கும் ஒயர், பேனலுக்கு அடியில் பறவைக் கூடு, நகர்ந்த ஓடு, போன வருஷத்தைவிட உயர்ந்துவிட்ட மரம். நிழல் விஷயத்தில் மேகம் ஏமாற்றும். மூடிய வானத்தில் ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால் நிழலே விழாது, எல்லாப் பேனலும் சமமாக வேலை செய்வது போலத் தெரியும். நிழலைப் பார்க்கச் சூரியன் தாழ்வாகப் போகும் குளிர்காலத்தில் ஒரு தெளிந்த நாளைப் பிடியுங்கள்.

படி 4: கூரை மேல், பரிசோதகர் பார்க்க வேண்டியவை

கனெக்டர்தான் முதல் இடம். ஒரு கம்பெனியின் ஆண் முனையையும் இன்னொரு கம்பெனியின் பெண் முனையையும் இணைத்திருந்தால், அவை இறுக்கமாகப் பொருந்தியது போலத் தெரிந்தாலும் மாற்ற வேண்டும். உள்ளே உலோகத் தொடுகை சரியாக இருக்காது, சூடாகும், உருகும். கனெக்டர் ஓட்டின் மேலோ தண்ணீர் ஓடும் பள்ளத்திலோ கிடக்கக் கூடாது. தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் டை சில வருஷத்தில் ஒடிந்து ஒயரைக் கீழே விட்டுவிடும்.

அடுத்தது கூரை மேலிருக்கும் டிசி ஐசொலேட்டர் பெட்டி, அதாவது பேனல் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச். ஈரப்பதமான ஊரில் பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அது மூச்சு விடுவது போலக் காற்றை இழுக்கும், அந்தக் காற்றின் ஈரம் உள்ளே படியும். மூடியைத் திறந்து பார்க்காமல் "நல்லா இருக்கு" என்று எழுதும் பரிசோதகரை நம்ப வேண்டாம். உள்ளே பச்சைப் பூஞ்சணம், துரு, கருகிய அடையாளம், மேல் பக்கத்திலிருந்து நுழையும் கேபிள் துளை, இவற்றில் எது இருந்தாலும் படம் எடுத்து உங்களுக்குக் காட்ட வேண்டும்.

அப்புறம் பேனலின் பின்பக்கம். பின் தாள் வெடித்திருக்கிறதா, விரலால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறதா, ஜங்ஷன் பாக்ஸ் இளகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சட்டகத்தைப் பிடிக்கும் கிளாம்புகளின் இறுக்கம், அலுமினியமும் துத்தநாகம் பூசிய இரும்பும் சேரும் இடத்தில் அரிப்பு, எர்த் ஒயரின் தொடர்ச்சி, இவை சீக்கிரம் முடியும் வேலைகள்.

படி 5: மூடிய வானத்தில் செய்யும் மின் அளவீடு

இங்கேதான் மேகமூட்டம் கை கொடுக்கும். முழுக்க மூடிய, சீரான சாம்பல் வானம் ஒப்பீட்டுக்கு நல்லது. மேகம் விட்டுவிட்டு ஓடும் நாள்தான் மோசம். ஒளி நொடிக்கு நொடி மாறும். மேகத்தின் ஓரத்தில் சூரியன் எட்டிப் பார்க்கும்போது சில நொடிகளுக்கு 1000 வாட்டையும் தாண்டிப் போகும்.

முதலில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எதிலும் இணைக்காதபோது இருக்கும் வோல்ட். ஒரே மாதிரிப் பத்துப் பேனல் கொண்ட இரண்டு ஸ்ட்ரிங் இருக்கிறது, பேனலுக்கு 40 வோல்ட் என்று வையுங்கள். மேகத்தில் ஒன்று 378 காட்டுகிறது, இன்னொன்று 365. வித்தியாசம் 13 வோல்ட், அதாவது ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பைபாஸ் டயோடு ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். வித்தியாசம் 38 என்றால் ஒரு முழுப் பேனலே கணக்கில் இல்லை. 1000 வாட் வெயில் இல்லாமலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

மின்னோட்டத்தை அளக்கும்போது ஒளியையும் அதே நொடியில் அளக்க வேண்டும். பேனலின் சாய்விலேயே வைக்கும் சிறிய ஒளி அளவீட்டு செல் இதற்கு இருக்கிறது. 420 வாட் ஒளியில், 11 ஆம்பியர் பேனல் சுமார் 4.6 ஆம்பியர் தர வேண்டும். ஒளி அளவு எழுதாத ஆம்பியர் எண்ணால் பயனில்லை.

மேகத்தில் மட்டும் அழகாகப் பிடிபடும் ஒரு நோய் உண்டு. பேனலுக்கும் எர்த்துக்கும் இடையே நிற்கும் உயர் மின்னழுத்தத்தால், ஈரத்தின் துணையோடு, செல்களுக்குள் கசிவு ஏற்பட்டுத் திறன் குறைவதை பிஐடி என்பார்கள். ஆரம்பத்தில் நல்ல வெயிலில் இது தெரியாது. வெளிச்சம் குறைவாக இருக்கும்போது கசிவுக்குப் போகும் பங்கு பெரிதாகி, அந்தப் பேனல்களின் மின்னழுத்தம் மற்றவற்றைவிடத் தெளிவாக இறங்கும். பொதுவாக ஸ்ட்ரிங்கின் எதிர்முனைப் பக்கப் பேனல்கள்தான் பாதிக்கப்படும். விடியற்காலை மங்கிய ஒளியில் ஒரு முறை, நடுப்பகலில் ஒரு முறை ஸ்ட்ரிங் வோல்ட்டை இன்வெர்ட்டர் ஆப்பில் பார்த்து ஒப்பிட்டாலே சந்தேகம் வரும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் இரவில் எதிர்த்திசை மின்னழுத்தம் கொடுக்கும் கருவியால் பெரும்பாலும் மீட்கலாம்.

படி 6: ஈரமாக இருக்கும்போதே காப்பு டெஸ்ட்

காலையில் இன்வெர்ட்டர் "ஐசொலேஷன்" (மின் காப்பு) பிழை காட்டி ஓட மறுக்கிறது, பத்துப் பதினொரு மணிக்குத் தானாகச் சரியாகிறது. மழை விட்ட மறுநாளும் அப்படித்தான். இதைச் சொன்னால் பலர், தானாகச் சரியாகிவிடுகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். எங்கோ ஒரு கனெக்டரிலோ வெட்டுப்பட்ட ஒயரிலோ ஈரம் வழியாகச் சட்டகத்துக்கு மின்சாரம் கசிகிறது என்று இன்வெர்ட்டர் சரியாகவே சொல்கிறது. நடுப்பகலில் காய்ந்த பிறகு வந்து அளக்கும் பரிசோதகர் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதிகாலைப் பனி ஈரத்தோடு அல்லது மழை நின்ற கையோடு வரச் சொல்லுங்கள். வறண்ட ஊர்க்காரர்கள் இதற்காகப் பேனலில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும், உங்களுக்கு வானமே அந்த வேலையைச் செய்து தருகிறது.

காப்பு எதிர்ப்பைக் காட்டும் மெகர் கருவி வைத்து அளப்பதற்கான அளவுகள் ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 62446-1 தரநிலையில் இருக்கின்றன. 120 முதல் 500 வோல்ட் வரையுள்ள அமைப்புக்கு 500 வோல்ட்டில் சோதித்துக் குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். 500-க்கு மேல் என்றால் 1000 வோல்ட்டில் சோதித்து அதே 1 மெகாஓம். காய்ந்தபோது 40 மெகாஓம், ஈரத்தில் 1.2 மெகாஓம் என்றால் காகிதத்தில் பாஸ்தான். ஆனால் அந்த வீழ்ச்சியே எங்கோ ஈரம் புகுகிறது என்று சொல்கிறது, தேடச் சொல்லுங்கள். சோதனைக்கு முன், திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவியைக் கழற்ற வேண்டும். ஆப்டிமைசர் (பேனலோடு பொருத்தும் மின்னணுக் கருவி) இருந்தால் அதன் தயாரிப்பாளர் சொல்லும் முறைதான்.

கசிவு எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. இன்வெர்ட்டரிலிருந்து ஸ்ட்ரிங்கைப் பிரித்துவிட்டு, நேர்முனைக்கும் எர்த்துக்கும், எதிர்முனைக்கும் எர்த்துக்கும் வோல்ட் பார்க்க வேண்டும். கசிவே இல்லையென்றால் எண் நிற்காமல் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். 400 வோல்ட், பத்துப் பேனல் ஸ்ட்ரிங்கில் நேர்முனைப் பக்கம் 120, எதிர்முனைப் பக்கம் 280 என்று எண் நிலையாக நின்றால், நேர்முனையிலிருந்து மூன்றாவது பேனலுக்கும் நான்காவது பேனலுக்கும் இடையில்தான் கசிவு. கூரை முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை.

படி 7: வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டியவை

தெர்மல் கேமரா சோதனைக்கு வெயில் கட்டாயம். ஐஇசி 62446-3 கேட்பது பேனல் தளத்தில் குறைந்தது 600 வாட் ஒளி. மேகமான நாளில் சூடேறும் செல்லும் குளிர்ந்தே கிடக்கும், படம் சுத்தமாக வரும், கோளாறு அப்படியே இருக்கும். மழை நாளில் டிரோனோடு வந்து வெப்பப்படம் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வெயில் நாள் கிடைத்து எடுத்தால், படத்தை நீங்களே படிக்கலாம். ஒரு செல் மட்டும் பளிச்சென்று சூடு என்றால் விரிசல் அல்லது அழுக்கு. பேனலின் மூன்றில் ஒரு பங்கு பட்டையாகச் சூடு என்றால் அந்தக் குழு பைபாஸ் ஆகிறது. முழுப் பேனலும் பக்கத்துப் பேனலைவிடக் கொஞ்சம் சூடு என்றால் அதிலிருந்து மின்சாரம் வெளியே போகவில்லை, இணைப்பு அறுந்திருக்கும். கனெக்டரோ ஐசொலேட்டரோ சூடாகத் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டியதுதான்.

ஐ-வி வளைவு (மின்னோட்டமும் மின்னழுத்தமும் சேர்ந்து எப்படி மாறுகின்றன என்ற வரைபடம்) சோதனைக்கு அவ்வளவு வெயில் தேவையில்லை, குறைந்தது 400 வாட் இருந்தால் ஐஇசி 62446-1 ஏற்கிறது. பரிசோதகரோடு தேதியைக் கறாராகக் குறிக்காமல், "அடுத்த மூன்று வாரத்தில் வெயில் வரும் முதல் நாள்" என்று பேசிவைப்பதுதான் இந்தத் தட்பவெப்பத்துக்குச் சரிப்படும். வெயிலே வாய்க்கவில்லை என்றால் எலக்ட்ரோலூமினசென்ஸ் படம் இருக்கிறது. இருட்டில் பேனலுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, செல்கள் வெளிவிடும் அகச்சிவப்பு ஒளியைப் படம் பிடிப்பார்கள். நுண்விரிசல் இதில் தெரிவது போல வேறு எதிலும் தெரியாது.

படி 8: இன்வெர்ட்டர்

பிழைப் பதிவை முழுவதுமாக இறக்கிப் பாருங்கள், நேரத்தோடு. காலை நேரக் காப்புப் பிழைகள், மதிய நேரக் கிரிட் (வெளி மின்கட்டமைப்பு) மின்னழுத்தப் பிழைகள், இரண்டும் வேறு வேறு கதை. மின்விசிறியின் தூசி, சர்ஜ் கருவியின் சன்னல் பச்சையா சிவப்பா, முனைகளின் இறுக்கம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டருக்குப் பத்துப் பதினைந்து வருஷம்தான் ஆயுள், பேனல் அதைத் தாண்டி இருக்கும்.

பரிசோதகரிடம் கேட்க வேண்டியவை

வேலை கொடுக்கும் முன் அவர் எழுதிய பழைய அறிக்கை ஒன்றைப் பெயர் நீக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் நேரம், ஒளி அளவு, பேனல் வெப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். டிக் மட்டும் போட்ட பட்டியல் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். உயரத்தில் வேலை செய்யும் பாதுகாப்புக் கருவிகள் இருக்கிறதா என்றும் கேளுங்கள், கேட்பதில் சங்கடப்பட வேண்டாம்.

எவ்வளவு நாளைக்கு ஒரு முறை? விகிதக் கணக்கு மாதாமாதம், தரையிலிருந்து பார்ப்பது வருஷம் இரண்டு முறை, முழுப் பரிசோதனை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை என்பது என் அபிப்பிராயம். பெரிய புயலுக்குப் பிறகும், வீடு கைமாறும்போதும் செலவுக் கணக்குப் பார்க்காமல் ஒரு முறை செய்துவிடுங்கள்.

அறிக்கை வந்ததும் மூன்றாகப் பிரியுங்கள். கனெக்டர், ஐசொலேட்டர், காப்பு சம்பந்தப்பட்டவை உடனே, சரிசெய்யும்வரை அந்த ஸ்ட்ரிங் நிறுத்தத்திலேயே இருக்கட்டும். பாசி, நிழல், தொங்கும் ஒயர் சில வாரத்துக்குள். பேனலின் திறன் குறைவு வாரண்டிக் கோரிக்கைக்கு. அந்தக் கோரிக்கையில் பேனலின் சீரியல் எண், ஒளி அளவோடு எடுத்த ஐ-வி வளைவு, நிறுவிய அன்றைய அளவு, கோளாறு தெரியும் படம் நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். உற்பத்தி குறைந்தது என்று மீட்டர் எண்ணை மட்டும் அனுப்பினால், மேகம்தான் காரணம் என்ற பதில் அங்கிருந்தும் வரும்.